ஏழாம் தடம்

போன தபசுகாலத்தில் அது நின்றுபோனது.
எது என்று கேட்டால் பெயர் தெரியாது.
எலத்தகிரிக் கோயிலில் முழங்கால் போட்டால்
நெஞ்சுக்குழியில் ஒரு சூடு வரும்,
அடுப்பணைத்த பிறகும்
சட்டியில் தங்குகிற சூடு.
அவ்வளவுதான். இப்போது இல்லை.

பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சொன்னேன்:
'சாமி, செபம் வரமாட்டேங்குது.'
கம்பிவலைக்கு அந்தப் பக்கம்
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது.
'எனக்கும்' என்றார்.
அபராதமாக மூன்று அருள்நிறை கொடுத்தார்.
சொன்னேன். மூன்றும்
வாயோடு நின்றன.

ராத்திரி ஷிப்ட். கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி, ஏழாம் தடம்.
கண்ணாடிக் கூண்டு. சுழல்நாற்காலியில்
சலேத்மேரி உட்கார்ந்து எழுந்த பள்ளம்
இன்னும் ஆறவில்லை.
முன்பெல்லாம் சில்லறைக்குச் சண்டை நடக்கும்,
எம்.எல்.ஏ. மச்சான் என்பவரிடம் அட்டை கேட்போம்.
இப்போது ஸ்டிக்கரும் மிஷினும் பேசிக்கொள்கின்றன.
தடுப்புக்கட்டை எழுகிறது, விழுகிறது.
நான் இருப்பது
அது எழாத நேரத்துக்காக.

சாந்தூர் மாங்காய் லாரிகள், ராயக்கோட்டைத் தக்காளி,
இரண்டே இரண்டு கருங்கல்லைச் சங்கிலியில் கட்டிக்கொண்டு
மூச்சிரைத்து வரும் ட்ரெய்லர்.
ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவில்
ஒரே ஒரு பேரைச் சொல்லிப் பார்ப்பேன்.
யேசுவே.
முதலில் எண்ணினேன். வேலைப் பழக்கம்.
முந்நூறு, நானூறு.
பிறகு எண்ணாமலே நாக்கில் கிடந்தது,
புளியங்கொட்டை போல,
சப்பிச் சப்பி ருசிபோன புளியங்கொட்டை.
துப்பவும் மனசில்லை.

சும்மா இருக்கலாம் என்றுதான் உட்காருவேன்.
உள்ளே வரிசை கட்டி நிற்கும்:
தோட்டை அடகு வைத்த ரசீது,
பிள்ளை கணக்கில் வாங்கிய மார்க்,
நாத்தனார் சொன்ன ஒரு சொல்.
சொல்லி ஆறு வருஷம். இன்னும் ஹாரன் அடிக்கிறது.
ஒன்றையும் மறிக்கக்கூடாது என்று மெதுவாகத்தான் தெரிந்தது.
மறித்தால் பின்னால் எல்லாம் நெரியும்.
போகட்டும். போ.

வெள்ளிக்கிழமை, மணி மூன்று பத்து.
கரண்ட் போனது.
ஜெனரேட்டர் உடனே உறும வேண்டும். உறுமவில்லை.
பன்னிரண்டு தடமும் இருட்டு, கட்டைகள் கீழே.
ஹாரன், கன்னடத்தில் திட்டு, தெலுங்கில் திட்டு,
அப்புறம் என்ன தோன்றியதோ
ஒரு டிரைவர் இன்ஜினை அணைத்தார்.
அடுத்தவர். அதற்கடுத்தவர்.
முகப்பு விளக்குகளும் ஒவ்வொன்றாக.

அப்போதுதான் பார்த்தேன்,
மலை.

நாலு வருஷமாக இந்த போகஸ் லைட்டுகளுக்கு அடியில் இருக்கிறேன்,
ராத்திரியில் ஒருநாளும் அது தெரிந்ததில்லை.
வானத்தைவிடக் கொஞ்சம் அதிகக் கறுப்பாக,
பக்கத்தில்,
இவ்வளவு பக்கத்தில்.

பரவசம் ஏதுமில்லை, சொல்லிவிடுகிறேன்.
கண்ணீர் இல்லை, குரல் இல்லை,
அந்தச் சூடு திரும்பி வரவில்லை.
நாக்கிலிருந்த பேர்கூட நின்றிருந்தது.
நான் பார்க்கிறேன் என்பதைவிட
ரொம்ப நாளாக
யாரோ என்னைப் பார்த்தபடி இருந்தது போல...
இல்லை, இது பிறகு நான் சேர்த்த பேச்சு.
அப்போது மலை இருந்தது. நான் இருந்தேன்.
மாங்காய் வாசம் இருந்தது.

ஜெனரேட்டர் இருமி, உறுமியது.
வெளிச்சம் மலையை எடுத்துக்கொண்டது.
'ஏம்மா, தூங்கிட்டியா?' தக்காளி லாரிக்காரர்.
மிஷின் இன்னும் படிக்கவில்லை.
இறங்கிப் போய்க் கட்டையைக் கையால் தூக்கினேன்.
நினைத்ததைவிட லேசு.

அவர் போன பிறகு அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.
நகைக்கடை விளம்பரப் பலகை.
அதற்குப் பின்னால்தான்.